ஏ ஒன் சொன்னவன்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தைல டப்பா கிடக்கிறது. அதற்குள் ஒரே ஒரு சாமான், துருவேறி கால் வளைந்த, கொண்டை ஊசிபோன்ற ஒரு ஸ்பிலிட் பின். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. மருமகள் இரண்டு தடவை குப்பையில் போட்டுவிட்டாள். இரண்டு தடவையும் குனிந்து பொறுக்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை. சொன்னால் என் வாய்க்கொழுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையிலிருந்த ஒரு லாரி ஷெட்டில் நான் புக்கிங் கிளார்க். அந்த நாளில் ஊரெல்லாம் 'ஏ ஒன்'தான். டீ ஏ ஒன், கொட்டகையில் ஓடும் படம் ஏ ஒன், பெண் பார்த்துவிட்டு வந்தவன் பஜ்ஜியும் ஏ ஒன் என்பான். எனக்கு அந்த வார்த்தை வெற்றிலைபோல வாயிலேயே கிடந்தது. ஷெட்டில் அதைச் சும்மா சொல்லாத ஆள் ஒருவர்தான், எங்கள் மெக்கானிக் அண்ணன். உலகச் சண்டை நேரத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே சரிபார்த்த வண்டியின்மேல் சாக்கட்டியால் ஏ ஒன் என்று எழுதுவார்களாம். எழுதியவனே முதல் ஓட்டத்தில் ஏறி உட்கார வேண்டுமாம். "அதனால எவனும் லேசுல எழுத மாட்டான்" என்பார்.

அவர் வேலை பார்க்கும்போது பக்கத்தில் ஓர் எனாமல் தட்டு இருக்கும். மாட்ட வேண்டிய சாமானெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தட்டு காலியானால் வேலை முடிந்தது. எழுந்து பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, "ஏ ஒன், எடு" என்பார். அதைக் கேட்காமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தியதில்லை.

ஒரு நாள் காலை வெங்காய லோடு ஒன்று குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டியிருந்தது. டிரைவர் என் அக்காவைக் கட்டிய மச்சான். பிரேக் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. முதலாளி வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்து நடந்து என் உயிரை வாங்கினார். "என்னலே, இன்னும் எம்புட்டு நேரம்?" நான் எட்டிப் பார்த்தபோது வண்டிக்கு அடியில் ஆள் இல்லை. முடித்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் கண்ணில் தூசி விழுந்து, பின்பக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்.

"அண்ணே சொல்லிட்டாரா மாப்ளே?" என்று மச்சான் கேட்டார்.

"சொல்லிட்டாரு மச்சான், ஏ ஒன்னு. எடுங்க."

டீக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். மச்சானும் கிளீனரும் ஏறிப் போனார்கள். கண் சிவந்து திரும்பி வந்த அண்ணன், வெறுந்தரையைப் பார்த்து நின்றார். அந்த இடத்தில் எனாமல் தட்டு மட்டும் இருந்தது. தட்டில் ஒரே ஒரு பின்.

"நான் சொல்லலையேடா."

"நான்தாண்ணே சொன்னேன்."

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பிரேக் கம்பியோட ஊசி நழுவாம இருக்கத்தான் இந்தப் பின்னு. எறக்கத்துல ஊசி விழுந்துச்சுன்னா, உங்க மச்சான் வெறுங்காத்தைத்தான் மிதிக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். தட்டிலிருந்த பின்னை எடுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினேன். அக்கா அப்போது ஏழு மாதம்.

வத்தலக்குண்டு பஸ் வந்தது, தொற்றிக்கொண்டோம். அந்தப் பஸ் ஒவ்வொரு பூக்கூடைக்கும் நின்றது. ஆத்தூர்ப் பிரிவில் ஒரு பாட்டையா இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில், அக்காவிடம் போய் எப்படிச் சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. முன்கண்ணாடி வழியே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்குள் அந்தப் பின்னை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

செம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் லாரி நின்றிருந்தது. மச்சான் கீழே குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"என்னமோ மனசு ஒப்பலண்ணே. உங்க வாயால கேக்கல. எதிர்ல வார வண்டியில யாரையாச்சும் விட்டுக் கேட்டுட்டு வரச் சொல்லலாம்னு நின்னுட்டேன்."

அண்ணன் அடியில் புகுந்தார். பிறகு, "ஊசி பாதி வெளிய வந்திருச்சு" என்றார். நான் நீட்டிய பின்னை வாங்கிப் பார்த்தார். நான் பிடித்த பிடியில் அதன் கால் வளைந்திருந்தது. அதை எறிந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். வெளியே வந்து பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். "ஏ ஒன்." சொல்லிவிட்டு, கிரீஸ் கையோடு மச்சானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "நீயுந்தானே சொன்ன? ஏறு" என்றார்.

எறிந்த பின்னைப் பொறுக்கிக்கொண்டு ஏறினேன். குமுளி ஏற்றத்தில் கிளீனர் பாடிக்கொண்டு வந்தான். அந்தப் பக்க இறக்கத்தில் மச்சான் பிரேக்கை மிதித்தபோதெல்லாம் என் காலும் தானாகப் பலகையை மிதித்தது. வண்டி நின்றது, ஒவ்வொரு தடவையும் நின்றது. அண்ணன் தூங்கிவிட்டார். நான் அவமானத்தில் அழுதுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகு டீக்குக்கூட அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

போன வாரம் மகனுடைய காரை சர்வீஸ் விட்ட இடத்தில், சீருடை போட்ட பையன் என்னிடம் சாவியை நீட்டி, "எல்லாம் ஏ ஒன் சார்" என்றான். இந்தக் காலத்திலும் அந்த வார்த்தையா என்று எனக்கு ஆச்சரியம். மகனும் மருமகளும் பேரனை உட்காரவைத்து, கொடைக்கானலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று என்னவோ அந்தப் பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். காரின் கதவைத் திறந்து பிடித்தேன்.

"அப்ப ஏறுங்க தம்பி. மலை வரைக்கும் கூட வந்துட்டு வாங்க."

அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், பானெட்டை மறுபடியும் திறந்தான்.