கிணற்றில் கடலுக்கு ஒத்திகை

படகில் எங்கள் இருவருக்கும் இடம் பிடித்துவிட்டதாக என் மனைவி சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மாசி மாசம் போறோம். மாலத்தீவோட தெக்குக் கோடி. ஒரு வாரமும் படகுலயேதான். தூங்குறது, சாப்புடுறது, முங்குறது எல்லாம் அங்கதான்" என்றாள்.

நான் "சரி" என்றேன். கையில் இருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மோர் ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பயம் அந்த நிமிஷமே வந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

திண்டுக்கல்லில் எனக்கு மோட்டார் பம்ப்செட் விற்கிற கடை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பங்களில் கடலைப் பார்த்தவர்கள் எல்லாம் வேளாங்கண்ணிக்குப் போனபோது கரையில் நின்று கால் நனைத்தவர்கள்தான். மகனைச் சென்னையில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, வீட்டுக்கு உடனே போக மனமில்லாமல் பாண்டிச்சேரியில் தங்கினோம். அங்கே முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. விளையாட்டாக உள்ளே போனவள், வெளியே வரும்போது பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போனோம். தண்ணீருக்குள் அவள் வேறொருத்தி. மூச்சை அவ்வளவு நிதானமாக விடுவாள். என் சிலிண்டர் காலியாகும் நேரத்தில் அவளுடையதில் பாதி மிச்சமிருக்கும். நான் போனதெல்லாம் கரைக்குப் பக்கத்தில், வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில். மேலே பார்த்தால் எங்கள் படகின் அடிப்பாகம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பதறிவிடுவேன். முகக்கண்ணாடி இருந்ததால் அது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

மாலத்தீவுப் படகின் வழிகாட்டி ஒரு கேரளத்துக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினார். நன்றாகத் தமிழ் பேசினார். இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவில் கடல் ஆறு மாதிரி ஓடும் என்றார். அந்த வாய்க்காலில்தான் சுறாக்கள் கூட்டமாக நிற்கும். நாம் பாறையைப் பிடித்துக்கொண்டு பார்க்கவேண்டும். கை நழுவினால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

"போயிட்டா?" என்று கேட்டேன்.

"பயப்பட வேண்டாம் சார். மெதுவா மேல வந்து, ஆரஞ்சு கலர் பையில காத்து நிரப்பித் தண்ணிக்கு மேல நிமித்திப் புடிச்சுக்கங்க. நாங்க தேடி வந்துருவோம்."

தேடி என்ற சொல்லை அவர் எந்த அழுத்தமும் கொடுக்காமல்தான் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. போன் சிக்னல் கிடையாது, ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் வரும் அழுத்தக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் படகில் ஒரு நாள் பயணம் என்பதையெல்லாம் பிறகு அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவள் அதை ஊட்டி பஸ் எத்தனை மணிக்கு என்பது போலச் சொன்னாள்.

கடையில் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் வந்து தன் போர்வெல் எத்தனை அடி, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போடலாம் என்று கேட்பார். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நடுக்கடலில் தலை மட்டும் வெளியே தெரிய நான் மிதப்பது கண்ணுக்குள் வரும். சுற்றிலும் ஒன்றும் இருக்காது. எனக்கு மீன் பயமில்லை, ஆழம்கூட அவ்வளவாக இல்லை. மேலே வந்த பிறகு படகைக் காணாமல் போவதுதான் பயம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சின்ன வயதில் அப்பா கையை விட்டுத் தொலைந்தபோது ஒரு டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடலில் பிடித்துக்கொள்ள பெஞ்சு இல்லை.

கொரோனா சமயத்தில் நான் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன். அதனால் நெஞ்சை ஸ்கேன் எடுத்து டாக்டர் சரி சொன்னால்தான் படகில் ஏற்றுவோம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. நுரையீரலில் எங்காவது ஒரு தழும்பு இருக்கும், போகக்கூடாது என்று டாக்டரே சொல்லிவிடுவார், நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். ஸ்கேன் எடுத்து முடிவு வரும்வரை அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். தன் நெஞ்சில் கோளாறு இருக்கவேண்டும் என்று வேண்டுகிறவனை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை.

டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. தாராளமா போயிட்டு வாங்க."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெளியே வந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களை அவள் நினைத்திருக்கவேண்டும். நேரே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வேறொரு வழியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஆரஞ்சுப் பையைத் தண்ணீருக்குள்ளிருந்தே காற்று நிரப்பி மேலே விடப் பழகவேண்டும் என்று வழிகாட்டி அவளிடம் சொல்லியிருந்தார். மாசிப் பயணத்துக்கு ஒதுக்கியது போக, பாண்டிச்சேரிக்கு அவளுக்கு லீவு மிச்சமில்லை. "கெணத்துல பழகுவோம்" என்றாள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு டைவிங் கடையிலிருந்து இரண்டு சிலிண்டர்களை வாடகைக்கு எடுத்துக் காரில் கொண்டுவந்தோம். வாசலில் இறக்கும்போது எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கையில் ரசத்தோடு வந்து நின்றார்.

"யாருக்கு முடியல? மறுபடியும் அவருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார். அவர் வீட்டில் கொரோனா வருஷம் ஒரு சாவு. சிலிண்டரைப் பார்த்ததும் உதறல் எடுத்துவிட்டது போல.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. கடலுக்குள்ள முங்கப் போறோம், அதுக்கு."

எதிர்வீட்டம்மா என்னைப் பார்த்தார். "நல்லா இருக்குற மனுசனுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். நான் அவர் பக்கம்தான் இருந்தேன். ஆனால் சிரித்துவைத்தேன்.

கிணறு நிலக்கோட்டைக்கு அந்தப் பக்கம், மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில். தோட்டக்காரர் என்னிடம் பல வருஷமாக மோட்டார் வாங்குகிறவர். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் மேல் படிவரை ஏறியிருந்தது. வெடி வைத்து வெட்டிய பெரிய கிணறு, சுற்றிலும் கருங்கல். தண்ணீர் பச்சை.

"அடியில பழைய இரும்புக் கொழாய் கெடக்குண்ணே. அந்தப் பக்கம் போயிராதீக" என்றார்.

பூ எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மடியில் மொட்டுகளோடு வந்து கிணற்று மேட்டில் நின்றுகொண்டார்கள். நாங்கள் ரப்பர் உடையும் சிலிண்டருமாகப் படியில் இறங்கினோம். ஒருத்தி, "எதைத் தேடப் போறாக?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

இரண்டு ஆள் ஆழம் இறங்கியதும் வெளிச்சம் போய்விட்டது. நீட்டிய கை மணிக்கட்டோடு மறைந்தது. மனைவி பக்கத்தில்தான் இருந்தாள், ஆனால் தெரியவில்லை. பையை விரித்து, வாயிலிருந்து வரும் காற்றை அதற்குள் விட்டேன். பை நிரம்பியதும் விர்ரென்று மேலே பாய்ந்தது. அதன் கயிறு கையில் பிடித்த ஒரு சின்னச் சக்கரத்திலிருந்து உருவிக்கொண்டு போகவேண்டும். அது என் விரலைச் சுற்றிக்கொண்டது. பை என்னையும் மேலே இழுத்தது. காலில் ஏதோ உரசியது. இரும்புக் குழாயா, அவள் கையா, தெரியாது. அந்தக் கணத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவு வந்தது: மேலே போகும்போது மூச்சைப் பிடித்தால் நுரையீரல் கிழிந்துவிடும். டாக்டர் அம்மா நல்லா இருக்கு என்று சொன்ன நுரையீரல். கத்தினேன். கத்தினால் காற்று வெளியே போகும் அல்லவா. அப்படிக் கத்திக்கொண்டேதான் மேலே வந்து விழுந்தேன்.

வாயிலிருந்த காற்றுக் குழாயைத் துப்பிவிட்டுப் படிக்கல்லைக் கட்டிப்பிடித்தேன். காற்று இருந்தது, இழுக்கத்தான் தெரியவில்லை. தோட்டக்காரர் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்.

"பேயடிச்ச மாதிரி இருக்கீகளேண்ணே. செத்த நேரம் குத்தவைங்க."

பூக்காரப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மனைவி சாவகாசமாக மேலே வந்து, முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னைப் பார்த்தாள். என் விரலைச் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்துவிட்டாள். விரல் நீலமாகியிருந்தது.

காரில் கொடைரோடு தாண்டினோம்.

"பயந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்ல. தண்ணி ஜில்லுனு இருந்துச்சு."

"கத்துனது தண்ணிக்குள்ளயே கேட்டுச்சுங்க."

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தேடி வருவோம் என்று அவர் சொன்னது, ஸ்கேனுக்காக வேண்டிக்கொண்டது எல்லாம். ஸ்கேன் விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அன்னைக்கு நான் மாதாகிட்ட அழுதுட்டு நின்னேன்" என்றாள்.

"தெரியும்."

"பயம்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீயும் போகாம நின்னுருவ."

"யாரு சொன்னா? போயிருப்பேன். உங்கள விட்டுட்டுப் போயிருப்பேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் உண்மை என்பதால் சொன்னாள். எனக்குக் கிணற்றில் வந்ததைவிடப் பெரிய பயம் அப்போது வந்தது. ஒரு வாரம், போனும் கிடையாது, அவள் அந்த வாய்க்காலில், நான் கடையில் மோட்டாருக்கு விலை சொல்லிக்கொண்டு. எது அதிகக் கெடுதல் என்று எண்ணிப் பார்த்தேன். கூடப் போவதே கொஞ்சம் குறைந்த கெடுதலாகப் பட்டது.

"நானும் வாரேன்" என்றேன்.

"வாங்க. ஆனா எறங்க முடியலன்னா முடியலன்னு வாயத் திறந்து சொல்லணும். சொல்ல மாட்டேன்னா இங்கயே இருங்க."

சரி என்றேன். இந்த முறை யோசித்துச் சொன்ன சரி. தை முழுக்க, அவளுக்கு விடுமுறை உள்ள நாட்களில் கிணற்றுக்குப் போனோம். பையைச் சரியாக விடப் பழகிவிட்டேன். பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மகனுக்கு போன் செய்து வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். "எதுக்குப்பா இப்ப?" என்றான். சும்மா என்றேன்.

திருவனந்தபுரத்துக்கு ரயில், அங்கிருந்து விமானம், பிறகு இன்னொரு சின்ன விமானம். படகில் ஏறிய முதல் நாள் பின்மதியம் கடல் கொந்தளித்தது. நான் எதிர்பார்த்திருந்த எத்தனையோ கெடுதிகளில் அது இல்லை. என் மனைவி படுத்துவிட்டாள். தண்ணீருக்குள் யாராலும் அசைக்க முடியாதவள், தண்ணீருக்கு மேலே தலை தூக்க முடியாமல் மேல்தளத்தில் சுருண்டு கிடந்தாள். வாந்தி நிற்கவில்லை. என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுற்றிக் கரையே தெரியவில்லை. எனக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லை. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்ற நினைப்பில் என்னைப் பற்றிய பயத்துக்கு நேரமில்லை.

மறுநாள் காலை கடல் அடங்கியது. மற்றவர்கள் ஒரு அமைதியான பவளத்திட்டுக்கு இறங்கத் தயாரானார்கள். அவளால் எழ முடியவில்லை.

"நீங்க போங்க" என்றாள். "இம்புட்டுத் தூரம் வந்து ஒருத்தராச்சும் பாக்கணும்ல."

அவள் இல்லாமல் நான் ஒருமுறைகூடத் தண்ணீருக்குள் போனதில்லை. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல அனுமதியும் இருந்தது. என்னவோ சொல்லவில்லை. வழிகாட்டியிடம் போய், "எனக்கு ரொம்பப் பயம். கூடவே இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரிக்காமல் தலையசைத்தார். ரோட்டைக் கடக்கும் பிள்ளையைப் போல அவர் கையைப் பிடித்துக்கொண்டே கீழே இருந்தேன். மூச்சு தாறுமாறாகப் போனது. என் சிலிண்டர்தான் முதலில் காலியானது.

நான் மேலே வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் பாக்கல. அவரு கைக்கடிகாரத்தையே பாத்துட்டு வந்துட்டேன்."

அவள் ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். மூன்றாம் நாளிலிருந்து இருவரும் சேர்ந்து இறங்கினோம். ஆறு போல ஓடும் அந்த வாய்க்காலுக்குப் படகு வந்து சேர்ந்த அன்று, நான் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். அவள் போனாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் இறங்கிய இடத்தைப் பார்த்தபடி, அவள் திரும்பி ஏறும்வரை நின்றேன்.