பறக்கிறவனுக்காக அத்தை நடந்த நடை

நான் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் பெரிய பெட்டியை அத்தைதான் கீழே தூக்கி வந்தாள். வேண்டாம் என்றதற்கு, "உன் காலுல சக்கரம் கட்டியிருக்கு. தள்ளிவிடவாவது ஒரு ஆள் வேணாமா?" என்றாள்.

பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள். "எப்போ வருவே?"

"தெரியல அத்தை."

"சரி. நல்ல ஷூ ஒண்ணு வாங்கிக்கோ. உன் நடை வலப்பக்கம் சாயுது."

அவ்வளவுதான் வழியனுப்பல். அத்தைக்குத் தொழிலே நடைதான்.

படம் பிடிக்கும்போது பேச்சைத்தான் கவனிப்பார்கள். காலடி, துணி உரசல், கதவு சாத்துவது எல்லாம் பிறகு ஓர் அடைத்த அறையில் சேர்க்கிற சத்தங்கள். அந்த அறையில், திரையில் நடப்பவனைப் பார்த்துக்கொண்டே அவனுக்காக நடப்பவள் அத்தை. தரையில் சிமெண்ட், மணல், கூழாங்கல், பலகை என்று கட்டம் கட்டமாக இருக்கும். மூலையில் மூன்றே மூன்று மரப்படிகள்; அதிலேயே ஏறி இறங்கி எத்தனை மாடிக்கும் போய்விடுவாள். அங்கே அவளுக்கு அறுபது ஜோடி செருப்பு, வீட்டில் இரண்டு. ஒண்டிக்கட்டை. அண்ணன் மகள் நான் மட்டும் பத்து வருடம் அவளோடு இருந்தேன்.

"ஹீரோ, வில்லன், போலீஸ் எல்லாம் என் காலுலதான் நடக்கிறானுங்க. ஒருத்தனாவது வீடு வரைக்கும் வந்திருக்கானா?" என்று சிரிப்பாள்.

வெள்ளிச் சிறகன் என்ற பழைய படக்கதை நாயகனை இருபத்தாறு வருடம் முன்பு முதன்முதலில் சினிமாவாக எடுத்தபோது, ஈயத்தகடு வைத்த பூட்ஸ் போட்டு நடந்தவளும் அவள்தான். தெருப்பிள்ளைகள் அந்த நடையை டம் டம் என்று நடந்து காட்டினார்கள். நான் கிளம்பிய வருடம் அதே சிறகனைப் புதிதாக எடுத்தார்கள். அத்தை பூட்ஸைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததை ஒலிப்பதிவாளர் பின்னாளில் சொன்னார். புது டைரக்டரின் சிறகன் அதிகம் பறப்பதில்லை. ஊரைக் காப்பாற்றிவிட்டு, கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தன் அறைக்குப் படியேறுகிறான். நாற்பது விநாடி. இசை கிடையாது, காலடி மட்டும். அத்தை பதினொரு முறை நடந்தாள். பதினொன்றும் தேறவில்லை.

"அக்கா, இது ஹீரோ நடை. யாருமில்லாத வீட்டுக்குப் போறவன் நடை வேணும்."

"மெதுவாத்தானே தம்பி நடந்தேன்?"

"மெதுவாத்தான். ஆனா சோகமா நடிக்கிற மாதிரி இருக்கு."

சனிக்கிழமைக்குள் அமையாவிட்டால் கம்ப்யூட்டரில் சேமித்த சத்தத்தைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த இரண்டு பாகத்துக்கும் அவள் வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை அத்தை என்னைப் போனில் கூப்பிட்டாள். "அங்க உன் ரூமுக்கு எப்படி நடந்து போவே?"

"காலாலதான்."

"வெளையாடாதே. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

"பஸ் வந்துடுச்சு அத்தை, அப்புறம் பேசுறேன்." பேசவில்லை.

சனிக்கிழமை அவள் பூட்ஸைத் தொடவே இல்லையாம். சாதாரணச் செருப்பைப் போட்டாள். வாளி நிறைய மணலை வலது கையில் தூக்கிக்கொண்டு அந்த மூன்று படியில் கால் மணி நேரம் ஏறி இறங்கினாள். "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் ஒலிப்பதிவாளர். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இப்போ போடு" என்றாள். ஒரே முறை. டைரக்டர் அதையே வைத்துக்கொண்டாராம்.

அந்தப் படத்தை நான் வேறொரு நாட்டில், குளிருக்கு ஒதுங்கிய தியேட்டரில் பார்த்தேன். அரங்கில் ஏழெட்டுப் பேர். சிறகன் எனக்குத் தெரியாத பாஷையில் பேசினான். குரலை மாற்றியிருந்தார்கள், காலடியை மாற்றவில்லை. அவன் படியேறியபோது வலது கால் சற்று அழுத்தமாக விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து செய்தி அனுப்பினேன்: 'அத்தை, என் நடையைத் திருடிட்டியா?'

மறுநாள் ரயிலில் போன் திருட்டுப் போனது. புது எண் வாங்கினேன். பிறகு எத்தனையோ முறை பேசினோம். நானும் அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன வாரம் திரும்பி வந்தேன். அத்தை இரண்டாம் பாக வேலைக்காக வெளியூர் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, பெட்டியை நானே மூன்று மாடி தூக்கினேன். நேற்று என் பழைய எண்ணையும் அதன் செய்திக் கணக்கையும் மீட்டுப் போனில் போட்டதும், பதினாறு மாதம் முன்பு அனுப்பிய குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது.

"உன் நடை இல்லடி. நீ போன அன்னிக்கு உன் பெட்டிய வண்டியில வெச்சுட்டு மேல ஏறி வந்தேன்ல, அது. கை காலி. உடம்பு மட்டும் பெட்டி இன்னும் இருக்குன்னே சாஞ்சு வந்துச்சு. சரியா இருந்துச்சா? கேட்டதும் ஒரு வார்த்தை சொல்லு."