முடியும் என்பதா, முடியாது என்பதா

தனப்பிரியாவின் இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. அவள் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மாத்திரை அட்டையைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, வலது கையால் கத்தரித்து, கவரில் போட்டு நீட்டுவாள். நீட்டுகிற நேரத்தில் இடது கை மேசைக்குக் கீழே போயிருக்கும். வேண்டுமென்று மறைக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழகிவிட்டது.

பள்ளிபாளையத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில் அவளுடைய அப்பா பாலசுந்தரம் வீட்டோடு சேர்த்து விசைத்தறி போட்டிருந்தார். அவள் நாலாவது படிக்கும்போது, கரண்ட் போயிருந்த ஒரு மத்தியானத்தில், மோட்டாருக்கு அடியில் உருண்டுபோன நூல் குழலை எடுக்கக் கையை விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கச் சொன்னபோது அம்மா பாவாயி ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். "நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கோணும். என்ற புள்ளைக்கு எதுக்குங்க இந்த முத்திரையெல்லாம்? அவளுக்கு எல்லா வேலையும் வருது." உண்மையிலேயே எல்லா வேலையும் வந்தது. தலை பின்னுவாள், தேங்காய் துருவுவாள், அறுந்த பாவு நூலை அப்பாவைவிட வேகமாக முடிச்சுப் போடுவாள்.

அவள் பிளஸ் டூ முடித்தது 2017இல். தமிழ்நாட்டில் நீட் உண்டா இல்லையா என்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாமல் இருந்த வருஷம். இல்லை என்று நம்பியவர்களோடு அவளும் நம்பினாள். பிளஸ் டூ மார்க் நிறைய இருந்தது. ஆனால் சேர்க்கை நீட்டை வைத்துத்தான் என்று ஆனபோது அந்த மார்க்கை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. விலங்கியல் படித்தாள். பிறகு மருந்துக்கடை.

கடை முதலாளி சரவணக்குமாருடைய மகள் தீபிகா நீட்டுக்குப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்தப் பேச்சு மறுபடி காதில் விழுந்தது. கூட்டமில்லாத மத்தியானங்களில் தனப்பிரியா அவளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் தீபிகா, "அக்கா, இப்பெல்லாம் இதுக்கு வயசு வரம்பே இல்லையாமா. நீங்களும் எழுதுங்களேன்," என்றாள். வயது தாண்டிவிட்டது என்று நினைத்து எப்போதோ மூடிவைத்த விஷயம். மூடியிருந்ததே தவிர, செத்துப்போகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் தடவை இருவருக்கும் மார்க் போதவில்லை. தீபிகா பார்மசிக்குப் போய்விட்டாள். தனப்பிரியா மறுபடி எழுத முடிவு செய்தாள்.

விண்ணப்பம் போட நெட் சென்டருக்குப் போனாள். அதை நடத்துகிற ஜீவானந்தம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "மாற்றுத்திறனாளியான்னு கேட்டிருக்குதுங்க. போன தடவ இல்லைன்னு போட்டிருக்கீங்க. இப்ப என்னன்னு போட?"

தனப்பிரியா மேசைக்குக் கீழே இருந்த இடது கையைப் பார்த்தாள். பின்னால் காத்திருந்த ஒருவர் செருமினார். இத்தனை வருஷம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த கை அது. ஆமாம் என்றால் பொய் சொல்வது போல இருந்தது. இல்லை என்றாலும் பொய்தான்.

"ஆமான்னே போடுங்க," என்றாள்.

அந்தத் தடவை மார்க் கொஞ்சம் கூடியது. பொதுப் பட்டியலில் நின்றால் கிடைக்காது. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சேர முடியாது; அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் நிச்சயம் வாய்ப்புண்டு என்றார் ஜீவானந்தம். நாமக்கல் மாற்றுத்திறனாளி முகாமில் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஊனம் நாற்பது சதவீதத்துக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் அது மட்டும் போதாதாம். மருத்துவப் படிப்புக்கென்று சென்னையில் தனியாக ஒரு குழு மறுபடி பரிசோதிக்கும்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. அம்மாவின் தம்பி அன்பழகன் ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவர். விஷயம் கேள்விப்பட்டு வீடு தேடி வந்துவிட்டார்.

"இங்க பாரு கண்ணு, அங்க போயி உன்ற சாமர்த்தியத்தக் காட்டாத. எடுன்னா எடுக்க முடியலீங்கன்னு சொல்லிப்போடு. நாப்பதுக்குக் கீழ போட்டுட்டாங்கன்னா ஒதுக்கீடே கெடையாது."

ஜீவானந்தம் நேர்மாறாகச் சொன்னார். "ஒண்ணுமே முடியலன்னு நின்னீங்கன்னா, அப்பறம் நாளைக்கு நோயாளிய எப்படிப் பார்ப்பேன்னு கேப்பாங்க. படிக்கத் தகுதியில்லன்னு எழுதிட்டா அதோட போச்சுங்க. முடியும்னு காட்டோணும்."

தனப்பிரியா தறியோரம் போய் அப்பாவிடம் நின்றாள். "ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் இருக்குதுங்கப்பா. நான் எப்படி நிக்கிறது?"

பாலசுந்தரம் தறியை நிறுத்தினார். அவர் ரொம்ப நேரம் யோசித்தது அவளுக்கு நம்பிக்கையாக இருந்தது. கடைசியில், "பாதி செய்யி, பாதி உட்ரு சாமி," என்றார். சொன்னதும் அவருக்கே அது சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். திரும்பித் தறியை ஓட்டிவிட்டார்.

அந்த வாரம் கடையில் ஒரு விசித்திரம் நடந்தது. இதுவரை கவனிக்காமலே செய்துவந்த வேலைகளை அவள் கவனிக்க ஆரம்பித்தாள். அட்டையை எப்படிப் பிடிக்கிறேன், மூடியை எப்படித் திறக்கிறேன் என்று பார்த்தால் கை தடுமாறியது. ஒரு இருமல் மருந்து பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. முதலாளி திட்டவில்லை. அவளுக்குத்தான் பயமாக இருந்தது. இது தானாக நடக்கிறதா, மாமா பேச்சைக் கேட்டுக் கை இப்போதே பழகிக்கொள்கிறதா?

சென்னைக்குத் தம்பி மோகன்குமார் துணைக்கு வந்தான். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. ஆந்திராவிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நீளமான பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும், அம்மாவோடு வந்திருந்தாள். பெயர் இலக்கியா, கெங்கவல்லிப் பக்கம். சின்ன வயதில் டிராக்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து, கோணலாகக் கூடிவிட்டது. அம்மா சாலம்மாள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவள். பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, கூப்பிடும் ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"உள்ள போயி எப்படி நிக்கிறதுன்னு யோசிச்சயா?" என்று தனப்பிரியா கேட்டாள்.

இலக்கியாவுக்குக் கேள்வி புரியவில்லை. "அவங்க என்ன செய்யச் சொல்றாங்களோ அதச் செய்யப் போறேன். வேற என்னக்கா இருக்கு?"

தனப்பிரியாவுக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று டாக்டர்கள். வயதான டாக்டரம்மா ஒருவர் கையைத் தொட்டு, மடக்கி, நீட்டி, அளந்தார். பரிவாகவும் இல்லை, கடுமையாகவும் இல்லை. மேசையில் சின்னச் சின்னச் சாமான்கள் இருந்தன.

"இடது கையால் அந்தப் பட்டனை எடுங்க."

சட்டைப் பட்டன்தான். அதைவிடச் சின்ன மாத்திரைகளை அவள் தினமும் எடுத்திருக்கிறாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் அதைத் தொட்டன, தூக்கின. பாதி உயரத்தில் பட்டன் நழுவி விழுந்து, உருண்டு, டாக்டரின் பேனாவில் முட்டி நின்றது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் விழுந்தது. டாக்டர் எழுதினார்.

விட்டேனா, விழுந்ததா? விடு என்று மனசு சொன்ன ஞாபகம் இல்லை. பிடி என்று சொன்ன ஞாபகமும் இல்லை.

அடுத்து இளைய டாக்டர் ஒரு நூலைக் கொடுத்து, "இரண்டு கையாலும் ஒரு முடிச்சுப் போடுங்க," என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன் முடிச்சு விழுந்துவிட்டது. யோசிக்கவே இல்லை, தறிவீட்டில் பிறந்த கை. டாக்டர் நூலை வாங்கி இழுத்துப் பார்த்தார். "ம்," என்றார். அந்த 'ம்' எந்தப் பக்கத்து 'ம்' என்று அவளுக்கு விளங்கவில்லை. முதலில் முடியாது என்று நின்றவள் இரண்டாவதில் முடியும் என்று நின்றுவிட்டாள். அப்பா சொன்னபடியே ஆகிவிட்டதே என்று நினைத்து, அந்த இடத்திலும் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் முடிவு சொன்னார்கள். தனப்பிரியாவுக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. படிக்கத் தகுதி உண்டு. இலக்கியாவுக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே.

"கை நல்லா வேலை செய்யுதாம்கா," என்றாள் இலக்கியா. "சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல." சாலம்மாளுக்கு இன்னும் புரியவில்லை. "நல்லா இருக்குதுன்னா நல்லதுதானே, ஏன் கெடைக்காதுங்கறாங்க?" என்று மோகன்குமாரைப் பார்த்துக் கேட்டாள். அவன், "டீ சாப்பிடுறீங்களா?" என்றான். கிளம்பும்போது தனப்பிரியா இலக்கியாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள். எதற்கு வாங்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரயிலில் தம்பியிடம் பட்டன் விஷயத்தைச் சொன்னாள். அவன் காது கொடுத்துக் கேட்டான். "பதட்டத்துல கை நழுவுறது இல்லியாக்கா? எனக்கு ஸ்பேனரே நழுவும்."

"பதட்டத்துலயா நழுவுச்சு?"

"அத என்னயக் கேட்டா?"

அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. எந்த ஒதுக்கீடு என்பதை மட்டும் விட்டுவிட்டு அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். விடுதியில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அக்கா, அக்கா என்று சுற்றினார்கள். அவளை யாராவது பேராசிரியர் என்று நினைத்து வணக்கம் வைப்பதும் நடந்தது. உடற்கூறு வகுப்பில் பிரேதத்தை அறுத்துப் பார்க்கும் மேசையில் இடுக்கியை எடுத்தாள். சிரமம் இருந்தது, செய்தாள். நன்றாகச் செய்த நாட்களில், அன்றைக்கு ஏன் விழுந்தது என்று தோன்றும். தடுமாறிய நாட்களில், சரிதான், உண்மையாகவே விழுந்திருக்கிறது என்று மனம் கொஞ்சம் ஆறும். படிக்க வந்த இடத்தில் தடுமாறினால் நிம்மதியாவது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

இலக்கியாவின் இடத்தை நான் எடுத்துக்கொண்டேனா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த ஒதுக்கீட்டில் இடங்கள் நிரம்பாமலே போய்விட்டதாக விடுதியில் யாரோ சொன்னார்கள். அப்படியானால் எடுக்கவில்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இடம் சும்மாவே கிடந்ததா என்று நினைத்தபோது இன்னும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும்போது சேலம் புது பஸ் நிலையத்தில் இலக்கியாவைச் சந்தித்தாள். இருவரும் போனில் பேசிவைத்துக்கொண்டதுதான். இலக்கியா சேலத்திலேயே நர்சிங் சேர்ந்திருந்தாள். ஆத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் கரும்புக் கட்டுகளுக்கு நடுவே நின்று, தனப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். மாமா சொன்னது, ஜீவானந்தம் சொன்னது, பட்டன்.

இலக்கியா கேட்டுக்கொண்டே கைப்பையின் வாரை முறுக்கினாள். பிறகு சொன்னாள்:

"நீ வேணும்னே விட்டிருந்தா எனக்குக் கோவம் வரணும். வரல. தானா விழுந்திருந்தா பாவம்னு தோணணும். அதுவும் தோணல. இத எதுக்குக்கா என்கிட்ட சொன்ன?"

"தெரியலயே சாமி. சொல்லோணும்னு இருந்துச்சு."

"சரி," என்றாள் இலக்கியா. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உன் பயாலஜி புக்கெல்லாம் இருக்குதா? திரும்ப எழுதலாம்னு இருக்கேன். மார்க் நிறைய எடுத்துட்டா இந்தக் கையக் காட்டவே வேணாம்ல," என்றாள்.

"இருக்குது. பொங்கல் முடிஞ்சதும் அனுப்பிச்சுடறேன். சந்தேகம் இருந்தா எந்நேரம்னாலும் கூப்பிடு."

ஆத்தூர் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். இலக்கியா ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோபமாக இருக்கிறாளா, சிரிக்கிறாளா என்று கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை. தனப்பிரியா பஸ்ஸோடு நாலு எட்டு நடந்தாள்.

"ஒருவேள மறுபடியும் அந்த டாக்டருங்க முன்னால போற மாதிரி ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"என்னக்கா?" என்று இலக்கியா காதை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

எப்படி நில் என்று சொல்வது என்று தனப்பிரியாவுக்கு இன்னும் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல, தலைய உள்ள எடு, பார்த்துப் போ," என்றாள். பஸ் திரும்பிப் போன பிறகு ஊருக்குப் போகிற ஈரோட்டு பஸ் எங்கே நிற்கும் என்பது சட்டென்று மறந்துவிட்டது. பூக்காரம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டு நடந்தாள்.