அண்ணனுக்கு எதிரே இருந்த இடம்

எங்கள் அண்ணன் அவர்கள் காத்திவாக்கம் குப்பத்தில் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்ட பிறகு, சின்ன வயதிலேயே கட்டுமரம் ஏறி எங்களை வளர்த்தார். உலக யுத்தம் வந்தபோது வெள்ளைக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்ப் பாலைவனத்தில் இருந்தார். திரும்பியதும் துறைமுகத்தில் லாரி ஓட்டினார். குடிக்க மாட்டார். யாரிடமும் கை நீட்ட மாட்டார்.

பட்டாளத்தில் ஒரு விளையாட்டைக் கற்று வந்தார். ஞாயிறு மதியம் பழைய கதவைப் பீப்பாய்கள் மேல் போட்டுக் கடல்மணல் பரப்புவார். அதுதான் பாலைவனம். ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், தீப்பெட்டியில் செய்த டாங்கிகள், குடைக்கம்பியில் நிற்கும் விமானங்கள். தாயக்கட்டை உருட்டி, நூலால் அளந்து நகர்த்த வேண்டும். தாம் பார்த்த சண்டையையே மறுபடி நடத்துவார்.

எதிரில் உட்காருபவர் ராயபுரத்து பாய். அண்ணனோடு பட்டாளத்தில் இருந்தவர். நான் பக்கத்தில் நின்று நூல் பிடிப்பேன். எனக்கு பாயின் இடம் வேண்டும். கேட்டேன்.

“எனக்கும் ஒரு ஆட்டம் குடுண்ணே.”

“நீ நூலப் புடி நைனா.”

“பாய்க்கு மட்டும் இன்னா கொம்பா மொளச்சிகீது?”

“கொம்பு இல்லடா, டாங்கி கீது” என்றார் பாய். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் எங்களோடு அப்படிச் சிரித்ததில்லை.

ஒருமுறை ஈயம் தீர்ந்துபோய், நான் மீன் பிடிக்கும் வலையின் ஈயக் குண்டுகளை அவிழ்த்து உருக்கிவிட்டார். விடியல் இருட்டில் நான் கவனிக்கவில்லை. கடலில் வலை மூழ்காமல் மிதந்தது. வெறுங்கூடையோடு வந்தேன்.

“மீனு நாளைக்கும் வரும் நைனா. பாய் ஞாயித்துக்கெழமதான் வருவாரு” என்றார்.

பிறகு அண்ணன் நெஞ்சு நோயில் படுத்தார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாய் வந்தாரா?” என்று கேட்டார். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவரும் பாய்தான்.

காரியம் முடிந்த ஞாயிறு பாய் வந்தார். அண்ணன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அண்ணன் படையில் துப்பாக்கி இல்லாத பொம்மை ஒன்று உண்டு. கையில் துடுப்பு. எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும். அதை முன்னால் நகர்த்தப் போனேன். பாய் என் கையைப் பிடித்தார்.

“அத்த நவுத்தாத. அது நீதான்டா. உம்மேல குண்டு பட்டுடும்னு உங்கண்ணன் ஒரு நாளும் நவுத்தல. ஒரு ஆளு கொறச்சலா ஆடியே எங்கிட்ட தோத்துகினு இருந்தான்.”

அதையும் அண்ணன் பாயிடம்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

நோயில் உதவிய துறைமுக டிரைவர்களுக்கும், குப்பத்துப் பெரியவர்களுக்கும், இறுதிவரை உடன் வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாய்க்கும் நன்றி. ஞாயிறுதோறும் வருகிறார். அந்தப் பொம்மையை நான் நகர்த்துவதில்லை. நானும் தோற்கிறேன். பாய் சிரிக்கிறார். அண்ணனோடு சிரித்த சிரிப்பு அது இல்லை.