வலது தோளில் விழுந்த முந்தானை

ஜெனிஃபரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த வியாழக்கிழமையிலிருந்துதான் தொடங்குவேன். நான் டெரிக், ஜோகுபாளையத்து ஸ்டுடியோ ஒன்றில் சீரியலுக்கு ஒலி சேர்க்கிறவன். அவள் பக்கத்து மேஜை. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, மூன்று வருஷமாக ஷாட்டுகளுக்கு எண் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருக்கிற கண் எங்கள் எடிட்டருக்குக் கிடையாது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த எடிட்டர் புதன்கிழமை வேலையை விட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை இயக்குநர் ஸ்ரீஹர்ஷா ஜெனிஃபரிடம் வந்தார்.

"இன்னைக்கு எபிசோட நீயே கட் பண்ணு. ஆறு மணிக்குச் சேனலுக்குப் போகணும். நல்லா வந்தா நீதான் எடிட்டர். இல்லேன்னா நாளைக்கு வெளியாளக் கூப்பிட்டுடுவேன்."

நாலரை மணி வரை வேலை பறந்தது. கடைசிக் காட்சியில் வந்து மாட்டிக்கொண்டது. மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நின்று முறைக்க வேண்டும். மாமியார் திரையில் வலப்பக்கம் பார்த்தால் மருமகள் இடப்பக்கம் பார்க்க வேண்டும். மருமகளைப் படமெடுக்கும்போது அவசரத்தில் கேமராவை இருவருக்கும் மறுபக்கமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மருமகளும் வலப்பக்கமே பார்த்தாள். இருவரும் சேர்ந்துகொண்டு வேறு யாரையோ திட்டுவது போல இருந்தது. மீடியா படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் மாதமே நடத்துகிற பாடம் இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கத்தாதண்ணா, திருப்பிப் போட்டுப் பாக்கறேன்" என்று ஜெனிஃபர் அந்த ஷாட்டைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றினாள். பார்வை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நான் கைதட்டினேன்.

"அவசரப்படாதண்ணா. முந்தானையப் பாரு."

முந்தானை வலது தோளில் கிடந்தது. மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது. நம் ஜனம் கதையைக் கோட்டை விட்டாலும் விடும், இதை விடாது.

"வேற டேக் இல்லையா?"

"இந்த ஒண்ணுதான் எடுத்துக்கீறாங்க."

மணி ஐந்தேகால். அவள் நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்தாள். பிறகு மருமகளின் முகத்தைப் பெரிதாக்க ஆரம்பித்தாள். தோள் வெளியே போனது. மூக்கு போனது. நெற்றிப்பொட்டும் இரண்டு கண்களும் மட்டும் மிஞ்சின. பெரிய அளவில் பதிவான படம் என்பதால் அவ்வளவு இழுத்தும் மங்கவில்லை.

"மியூசிக்க எடுத்துடுண்ணா. மூச்சு சத்தம் மட்டும் போதும்."

எடுத்தேன். ஓடவிட்டோம். எத்தனையோ வருஷமாக மாமியார் மருமகள் சண்டைக்கு இடி முழக்கம் போட்டு மரத்துப்போன எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஐந்து நாற்பதுக்கு ஸ்ரீஹர்ஷா வந்தார். நின்றுகொண்டே பார்த்தார்.

"இந்த ஷாட்ட நான் எடுக்கவே இல்லையே."

"எடுத்தீங்க சார். நான் கொஞ்சம் கிட்டப் போனேன்."

"இன்னொரு தடவ போடு."

இரண்டாவது முறை பார்த்து முடித்ததும் அங்கிருந்தே யாருக்கோ போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார். பிறகு ஜெனிஃபரிடம், "டைட்டில்ல எடிட்டர் பேர மாத்திட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பழைய பெயரை ஒரே தட்டில் அழித்தாள். தன் பெயரை அடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. ஆறு மணிக்குள் போக வேண்டிய எபிசோட். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆனால் அவளை அவசரப்படுத்தவில்லை.