பூஜைக்கு வந்த இரண்டாவது டிஸ்க்

என் அக்காவின் கணவரை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேச்சற்று நின்றதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது ஒரு விஜயதசமி. இடம், அம்மையார்குப்பத்தில் அவருடைய தறிக்கொட்டகை. அவரை அப்படி நிற்க வைத்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

நான் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சேலைக்கு டிசைன் போடுகிறவள். கரை, முந்தானை, புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவேன். அதைப் பென்டிரைவில் ஏற்றித் தறியின் ஜக்கார்டு பெட்டியில் செருகினால், எந்த இழை எப்போது எழும்ப வேண்டும் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். பாவாவுக்கு நான்கு விசைத்தறிகள். என் டிசைன்களில் பாதி அவர் தறியில்தான் ஓடும்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் சர்வீஸ்காரர் ஒரு பேக்கப் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்தார். "இனிமே எல்லாம் தானா காப்பி ஆயிடும்க்கா, நீங்க கண்டுக்கவே வேணாம்" என்றார். நானும் கண்டுகொள்ளவில்லை. திரையின் மூலையில் தினமும் ஒரு பச்சை டிக் வரும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து ஒரு கோடையில் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் செத்தது. கவலைப்படாமல் புது டிஸ்க் போட்டு, எடுத்து வைத்ததை எல்லாம் திருப்பிக் கொடு என்று சாஃப்ட்வேரிடம் கேட்டேன். ரேஷன் கார்டு ஸ்கேன் வந்தது. ஒரு காதுகுத்து விழாவின் படங்கள் வந்தன. சேலை ஒன்றுகூட வரவில்லை.

அது டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டுந்தான் காப்பி எடுத்திருக்கிறது. என் டிசைன்கள் இருந்ததோ டி டிரைவில். அந்தப் பச்சை டிக் பொய் சொல்லவில்லை. தனக்குச் சொன்ன வேலையை முடித்துவிட்டேன் என்றுதான் தினமும் சொல்லியிருக்கிறது. என்ன வேலை என்று இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையைக் கீழ்வீட்டுக்காரர்கள் இன்றும் ஞாபகப்படுத்துவார்கள்.

அதற்கப்புறம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். டி டிரைவில் இருப்பதை ஈ டிரைவிலும் போட்டுவை என்றார் ஒருவர். இரண்டு டிரைவும் ஒரே டிஸ்க்குக்குள்தான் இருக்கின்றன, டிஸ்க் போனால் இரண்டும் போகும். "எல்லாம் ஆன்லைன்ல போட்டா போதும்" என்றார் இன்னொருவர். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் வைத்தால் அது தானாக ஆன்லைனிலும் ஏறிக்கொள்ளும் என்று காட்டினார். அவர் போனதும் சோதனைக்காக ஒரு பழைய டிசைனை அதில் போட்டு, இங்கே அழித்துப் பார்த்தேன். அடுத்த நிமிடம் அங்கேயும் காணோம். ஏறத் தெரிந்ததற்கு அழியவும் தெரிந்திருந்தது.

கடைசியில் என் சொந்த முறையை வைத்துக்கொண்டேன். வெளியே செருகும் டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று என் அலமாரியில்; காப்பி எடுக்கும்போது மட்டும் செருகுவேன். இன்னொன்று அம்மையார்குப்பத்தில் அக்கா வீட்டில். அமாவாசைக்கு அமாவாசை புதிதாக எடுத்த டிஸ்க்கோடு பஸ் ஏறுவேன். அக்கா வீட்டுப் பழைய லேப்டாப்பிலும் அதே பேக்கப் சாஃப்ட்வேரையும் டிசைன் போடும் சாஃப்ட்வேரையும் போட்டுவைத்து, ஏதாவது ஒரு டிசைனை டிஸ்க்கிலிருந்து மீட்டுத் திறந்து, கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பார்த்த பிறகுதான் அதை அங்கே வைத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு திரும்புவேன்.

பாவாவுக்கு இது பெரிய வேடிக்கை. நான் வாசல்படி ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாம்மா, டிஸ்க்குக்குத் திதி குடுக்க வந்துட்டியா? எள்ளு, தண்ணி எடுத்தாரச் சொல்லட்டா?"

"சிரிங்க பாவா, நல்லா சிரிங்க. ஒரு நாளு இதான் சோறு போடும்."

"அதான் காப்பி எடுத்துகினு கீறியே! எடுத்தத எதுக்கு மறுபடி தொறந்து பாத்துகினு?"

எடுத்தது வேறு, எடுத்தது திரும்பி வருவது வேறு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு வாய் போதவில்லை.

அந்த வருடம் அக்காவுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக எழுந்துவிட்டால், யாரும் கட்டாத புது டிசைனை விஜயதசமி அன்று தறியில் ஏற்றி, முதல் சேலையை மலைமேல் வள்ளிக்குச் சாத்துவதாகப் பாவா வேண்டிக்கொண்டார். அக்கா எழுந்துவிட்டாள். டிசைன் என் பொறுப்பு. மலைக்கு உரிய நீலோற்பல மலரையே கரையாக்கி, முந்தானை முழுக்கக் குளம்போலப் பூக்க விட்டேன். நாலு மாத வேலை. நான் வரைந்ததிலேயே அதுதான் அழகு என்று அப்போதே எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே அக்கா வந்துவிட்டாள். பையைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தாள். உள்ளே அம்மையார்குப்பத்து டிஸ்க். வழியில் மழை வருமோ என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றித் துணியில் கட்டியிருந்தாள்.

"இத எதுக்குக்கா எடுத்துகினு வந்த?"

"ஏண்டி, அதுவும் உன் ஆயுதந்தானே. அத மட்டும் பூஜை இல்லாம வுட்டுட்டா, நாளைக்கு அது நமக்கு வேலை செய்யுமா?"

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஒரே அறையில் எல்லாம் சேரக்கூடாது என்பதற்காகத்தானே அத்தனை அமாவாசை பஸ் ஏறினேன்! ஆனால் ஆபரேஷன் தழும்போடு படியேறி வந்தவளிடம் என்ன சொல்வது? மறுநாள் சாயங்காலம் கம்ப்யூட்டர், அலமாரி டிஸ்க், பிரிக்காத மஞ்சள் பொட்டலம், பென்டிரைவ், மவுஸ் எல்லாம் வாழையிலையில் வரிசையாக உட்கார்ந்தன. தூசி தட்டுவதற்காகக் கழற்றிய கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியை நான் மாட்ட மறந்திருந்தேன். தன் தறிகளுக்குப் பூஜை முடித்துவிட்டு வந்த பாவா, மஞ்சள் தண்ணீரில் மாவிலையை முக்கி, தறிக்குத் தெளிப்பதுபோலவே தாராளமாகத் தெளித்தார். அக்காவை இங்கே விட்டுவிட்டு அவர் ஊருக்குப் போனார்.

விஜயதசமி புதன்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் தறி ஓட வேண்டும். டிசைனைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ள எட்டரைக்கே பாவா பைக்கில் வந்து நின்றார். எங்கள் வழக்கத்தில் புது டிசைனைத் தசமியன்றுதான் பென்டிரைவில் ஏற்றுவோம், அதற்கு முன் ஏற்ற மாட்டோம். கற்பூரம் காட்டி ஸ்விட்சைப் போட்டேன். திரை வந்தது. எதற்கும் ஒரு காப்பி எடுத்துவிடலாம் என்று அலமாரி டிஸ்க்கைச் செருகினேன். கம்ப்யூட்டருக்குள் பட்டென்று ஒரு சத்தம். தீய்ந்த நாற்றம். திரை கறுத்தது, டிஸ்க்கின் விளக்கும் அணைந்தது. மூடியில்லாத பக்கமாக நேற்றைய மஞ்சள் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அக்கா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "வள்ளிக்குச் சொன்னதாச்சேடி" என்றாள்.

பாவா பதறிப்போய் இலையிலிருந்த மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்தார். "அதான் இன்னொன்னு கீதே! இத மாட்டிப் பாரும்மா, சீக்கிரம்!"

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தே விட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவர் கையைத் தட்டியிருக்க மாட்டார்கள்.

"தொடாதீங்க பாவா! அந்தப் பொட்டி ஒண்ண எரிச்சிடுச்சி. இதயும் அதுக்கே தின்னக் குடுக்கணுமா?"

"பின்ன எப்படிம்மா எடுக்கறது?"

"பைக்க எடுங்க. உங்க ஊட்டுக்குப் போறோம்."

டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். துணி ஈரம், கவருக்குள்ளே சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. என் சாமர்த்தியம் இல்லை அது, அக்கா மழைக்குப் பயந்ததன் பலன். ஆனால் அதற்கப்புறம் நடந்தது எல்லாம் என் சாமர்த்தியம்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்காவைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, டிஸ்க்கை மடியில் இறுக்கிக்கொண்டு பாவாவின் பின்னால் உட்கார்ந்தேன். வழி முழுக்க அவர் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எனக்குப் பயமே இல்லை. அந்த டிஸ்க்கை அந்த லேப்டாப்பில் எத்தனை தடவை திறந்திருக்கிறேன் என்று என் விரல்களுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். சாஃப்ட்வேரைத் திறந்தேன், டி டிரைவைத் தேர்ந்தெடுத்தேன், மீட்பு என்று அழுத்தினேன். தறிக்காரர்கள் இரண்டு பேர் வேலையற்று வாசலில் நின்றார்கள். பாவா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. ஃபைலைத் திறந்தேன். நீலோற்பலம் பூத்தது.

ஒரு குறை இருந்தது. அந்தக் காப்பி மகாளய அமாவாசை அன்று எடுத்தது. அதற்குப் பிந்திய ஒன்பது நாளில் கரையின் மூலையில் நான் வளைத்த தண்டு அதில் இல்லை. எந்தப் பேக்கப்பும் தான் எடுக்கப்பட்ட நாளுக்கு மேல் ஒரு நாள்கூட அறியாது. ஆனால் ஒரு தண்டை மறுபடி வளைக்க எனக்கு ஒரு மணி நேரம் போதும். வளைத்தேன். இரண்டாவது தடவை முன்பைவிட நன்றாகவே வளைந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் பென்டிரைவைப் பாவாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் செருகினார். தறி ஓடியது. முதல் இதழ் ஜரிகையில் எழும்பி வந்தபோது அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், தறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்கா வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டு அழுதாள். எனக்கு அன்று மலையையே தூக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சேலை மலையேறியது. தீபாராதனை வெளிச்சத்தில் வள்ளியின் இடுப்பருகே என் தண்டு வளைந்து நின்றதைக் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தேன்.

அடுத்த அமாவாசைக்கு நான் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரிலிருந்து புது டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாவா.

"இன்னாம்மா, அமாவாசை ஆச்சே, டிஸ்க்கு இன்னும் வரலியே?"

"வந்துகினே கீறேன் பாவா."

"ஆங், வா வா. லேப்டாப்ப தொடச்சி, சார்ஜ் போட்டு வச்சிட்டேன்."