தலைகீழாக விழுந்த சீட்டு

பெரியப்பா மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வீட்டுக்கு வந்தால் வாங்க என்பேன், காபி கொடுப்பேன், கேட்டால் அவருடைய போனையும் சரிசெய்து தருவேன். கோபம் அது பாட்டுக்கு இருக்கும். காரணம் ஒரு புத்தகம். அதை அவர் வாங்கி வராமல் ஏமாற்றவில்லை. சொன்னபடியே, சொன்ன புத்தகத்தையே வாங்கி வந்தார்.

அப்போது நாங்கள் தீவில், ஹேடோ துறைமுகக் குடியிருப்பில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். படகுத்துறைக்குப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு டிக்கெட் போட்டுத் தரும் கடையில் அவளுக்கு வேலை. ஊர் திரும்பும் நாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பெட்டியில் எடை கூடிவிட்டது என்று குறி பார்க்கும் தன் டாரட் சீட்டுக்கட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ராஜா, ராணி, வாள், கோப்பை, கோபுரம், எலும்புக்கூடு என்று எழுபத்தெட்டுச் சீட்டிலும் படங்கள். கூட இருந்த விளக்கத்தாள் மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. படம் இருந்தது, அர்த்தம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்குச் சிவகாசியிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் ஜாதகம் வந்தது. அதே ஊரில் பத்துபஸ்தியில் குடியிருந்த பெரியப்பா, மெயின்லேண்ட் ஜோசியருக்கு போன் போட்டுப் பொருத்தம் பார்த்தார். பிரமாதம் என்று பதில் வந்தது. அத்தை வேண்டாம் என்றாள். இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அரசு வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்றாள். வெட்கத்தில் சொல்கிறாள் என்று சிரித்தார்கள். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் அவள் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"நீங்க உங்க ஜோசியம் பாத்தாச்சுல்ல? நானும் என் ஜோசியத்தப் பாக்கறேன். அர்த்தம் சொல்ற புக்கு ஒண்ணு வேணும். அதுல நல்லா வந்தா கட்டிக்கிறேன்."

"அரே, சீட்டாடித் தாலி கட்டிக்கப் போறாளாம்!" என்றார் பெரியப்பா. அன்று அவர் நல்ல குஷியில் இருந்தார். "டீக் ஹை, சரி. புக்கு வேணும், அவ்வளவுதானே? மெட்ராஸ் போறேன், வாங்கிட்டு வாரேன். உன் சீட்டு சொல்றதையும் கேட்டுட்டே முடிவு பண்ணுவோம்."

எல்லார் முன்னாலும் சொன்னார். நான் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டேன். அத்தையும் அப்படித்தான்.

எங்கள் ஊரில் புத்தகம் வாங்குவது சின்ன விஷயமில்லை. இணையக் கடையில் எங்கள் பின்கோடைத் தட்டினால், 'இந்த இடத்துக்கு அனுப்புவதில்லை' என்று வரும். அதனால் யார் மெயின்லேண்ட் போனாலும் அக்கம்பக்கத்துத் தேவைகள் எல்லாம் அவர் தலையில் ஏறும்: மாத்திரை, மிக்ஸி ஜார், முறுக்கு அச்சு. தப்பான சாமான் வந்துவிட்டால் மாற்ற வழியில்லை. எந்தப் புத்தகம் என்று முன்னாலேயே தீர்மானித்துச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தப் பொறுப்பை அத்தை எனக்குக் கொடுத்தாள். பேசுகிற இங்கிலீஷ் அவளுக்கு நன்றாக வரும். படிக்கிற இங்கிலீஷ் எனக்குத்தான். தவிர, எதையும் வரிசைப்படுத்திப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அவளுடைய போனில் ஒரு மாதிரிப் பக்கம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். திறந்த வரைக்கும் மூன்று புத்தகங்களை ஒப்பிட்டேன். முதலாவதில் பெரிய எழுத்து, அழகான அட்டை. ஆனால் முக்கியமான இருபத்திரண்டு சீட்டுகளுக்குத்தான் விளக்கம். மிச்சச் சீட்டு விழுந்தால் யாரைக் கேட்பது? இரண்டாவதில் எல்லாச் சீட்டும் இருந்தன. ஆனால், புதிதாகப் படிப்பவர்கள் தலைகீழாக விழும் சீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. மூன்றாவதில் ஒவ்வொரு சீட்டுக்கும் நேராக விழுந்தால் ஒரு பத்தி, தலைகீழாக விழுந்தால் ஒரு பத்தி. சின்னச் சின்ன வாக்கியங்கள். அதுதான் என்று முடிவு செய்தேன்.

அத்தைக்கு இருந்தது ஒரே நிபந்தனை. "எந்த புக்குல 'வேணாம்'னு நிறைய வருது? அதச் சொல்லு."

"அது சீட்டிங் அத்தை."

"சீட்டிங்காம்! போடி, பெரிய ஜட்ஜம்மா," என்று என் காதைத் திருகினாள். ஆனாலும் நான் சொன்ன புத்தகத்துக்கே சம்மதித்தாள். தலைகீழ்ப் பத்திகளை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பெரியப்பா திரும்பிய அன்று நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பையிலிருந்து முதலில் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அதே தலைப்பு, அதே அட்டை. அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கினாராம். அந்தச் சந்தோஷத்தில், அடுத்து நடந்த பேச்சு எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

"போன காரியம் என்னண்ணே ஆச்சு?" என்று அப்பா கேட்டார்.

"சிவகாசிக்கே போயித் தட்டு மாத்தியாச்சு. தை மாசம் கல்யாணம். நல்ல எடம், விட்டாப் போயிரும்."

அத்தையின் குரல் மெதுவாக வந்தது. "சீட்டு சொல்றதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்னு சொன்னீங்கள்லண்ணே."

"இப்ப மட்டும் யாரு வேணாம்னா? இந்தா புக்கு, அந்தா சீட்டு. கேளு, கேளு!"

அத்தை சீட்டைக் கலைத்தாள். வெகுநேரம் கலைத்தாள். ஒன்றை உருவித் தரையில் வைத்தாள். ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பை நீட்டும் படம். இருவரும் தலைகீழாகக் கிடந்தார்கள். நான் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் தலைகீழ்ப் பத்தியைத் தமிழில் சொன்னேன்: "பொருத்தம் இல்லை. ஒருத்தர் மனசு இன்னொருத்தருக்குத் தெரியாது. அவசரப்பட வேண்டாம்."

அத்தை நிமிர்ந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

பெரியப்பா குனிந்தார். வாசலில் கவிழ்ந்து கிடக்கும் செருப்பைத் திருப்பி வைப்பதுபோல, இரண்டு விரலால் அந்தச் சீட்டைத் திருப்பி வைத்தார்.

"தலைகீழா வச்சா தலைகீழாத்தான் சொல்லும். இப்பப் படி பாப்பா."

"அப்பிடித் திருப்பக் கூடாது பெரியப்பா! விழுந்தபடிதான் படிக்கணும். புக்குல போட்டிருக்கு!"

"பெரியவங்கள எதுத்துப் பேசாத," என்றாள் அம்மா.

"சோடோ, விளையாட்டுதானே, விடும்மா," என்றார் அப்பா.

நான் அத்தையைப் பார்த்தேன். என் பக்கம் பேச வேண்டியவள் அவள்தான். விதி அவளுக்கும் தெரியும்.

"நேராவே படிடி," என்றாள் அத்தை.

படித்தேன். இரு மனம் சேர்தல், நல்ல துணை, இல்லறம். பெரியப்பா தொடையைத் தட்டினார். "பாத்தியா! இங்கிலீஷ் ஜோசியமும் அதையேதான் சொல்லுது!" எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சர்க்கரை எடுக்கப் போனாள்.

அதற்கப்புறம் எத்தனையோ கல்யாண வீட்டுப் பந்திகளில் பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். "அவளே சீட்டு எடுத்தா, அவளே ஒத்துக்கிட்டா," என்று முடிப்பார். சீட்டைத் திருப்பிய கை அந்தக் கதையில் வராது. அத்தை வாயால் சொன்ன இரண்டு வேண்டாமும் வராது. நான் இலையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த கோபம் வேறு. பெரியப்பா கள்ள ஆட்டம் ஆடிவிட்டார், அவ்வளவுதான். அவர் கிளம்பிப் போனதும் சீட்டுகளைப் பொறுக்கி அத்தையிடம் நீட்டினேன்.

"நாம மட்டும் சரியாப் பாப்போம் அத்தை. இன்னொரு கேள்வி கேளு."

அவள் சீட்டுகளை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டாள்.

"எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்லடி."

கண் வலிக்க வலிக்கத் தேர்ந்தெடுத்த புத்தகம், கடல் தாண்டி வந்திருக்கிறது. அதனிடம் கேட்க அவளுக்கு ஒரு கேள்விகூட இல்லையாம்! பெரியப்பாவை அப்படியே மறந்துவிட்டு, அன்று தூங்கப் போகும்வரை நான் அத்தையிடம் பேசவில்லை.